பின்சக்கரக்காரன்

டிரைவர் செங்கோடனுக்கு ஊர்கள் வருகின்றன.
எனக்குப் போகின்றன.
அவருக்கு நாற்பத்தெட்டு மீட்டர் பின்னால்
கழுத்தில் ரிமோட்டு தொங்க
கடைசி அச்சோடு நடக்கிறவன் நான்.
முன்சக்கரத்தை அவர் திருப்புவார்
பின்சக்கரத்தை நான்.
இடையில் ஒரு வெள்ளை இறக்கை,
வாக்கிடாக்கியில் அவர் இருமல்.
எனக்கும் பின்னால்
இன்னும் பதினான்கு மீட்டர் வால்.
அதற்கு மட்டும் சக்கரமில்லை.

கன்னிராஜபுரம் தாண்டி மூன்று நாள் கிடந்தோம்.
கச்சான் விட்டபாடில்லை.
காற்று கூடினால் வண்டி நகரக்கூடாது,
பர்மிட்டில் ஏழாவது வரி.
காற்றைத் தின்று பிழைக்கப்போகிற சாமான்
காற்றுக்குப் பயந்து
பனங்காட்டோரம் படுத்திருந்தது.
பனைகள் தம்பாட்டுக்குச் சடசடத்தன
அவற்றுக்கு யார் பர்மிட்டு கொடுத்தது.

உச்சி சாய்ந்ததும் ஆடுகள் வரும்.
ஒடுங்கிய நிழல், ஒற்றை வரிசையில்தான் படுக்கலாம்.
அடிப்பக்கம் கிடாய்கள், நடுவில் பெட்டைகள்,
நுனியில் ஒரு குட்டிக்கு மட்டும் இடம்,
அதற்கும் பின்னங்கால் வெயிலில்.
மேய்க்க வந்த பையன் கேட்டான்
இதுக்குள்ள என்ன இருக்கு?
ஒன்றுமில்லை என்றேன்.
நம்பாமல்
மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை இரவு பதினொன்றுக்குக் காற்று செத்தது.
சாயல்குடி முக்கு.
லைன்மேன் பூவலிங்கம் பியூஸைப் பிடுங்கினார்.
கரண்டு செய்யப் போகிறவனுக்காகக் கரண்டை நிறுத்தியதில்
ஊர் முழுக்க மின்விசிறிகள் நின்று
வியர்த்த ஊர் ரோட்டுக்கு வந்தது
கைலியோடு, கைக்குழந்தைகளோடு, கெட்ட வார்த்தைகளோடு.
டீக்கடை சீனி காதர் தன் தகரத்தைத் தானே கழற்றினார்:
பதினாறு திருகு,
எண்ணி வாங்கிக்க, எண்ணிக் குடு.
மூக்கையூர் மீன்வண்டி அடியில்
ஐஸ் தண்ணீர் கோடு போட்டு ஓடியது.
அருளப்பன் ஆரனில் கை வைத்தபடி கத்தினான்
சீலா மீனுக்கு உன் பர்மிட்டைப் படிச்சுக் காட்டவா?

செங்கோடன் இரும, நான் திருப்பினேன்.
ஒரு சாண். நிறுத்து.
அரைச் சாண். நிறுத்து.
கட்சிக் கொடிக்கம்பத்துக்கும் டயருக்கும் நடுவே
என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், நுழைந்தது.
அப்போதுதான் வாலை நினைத்தேன்.

வால் ரோட்டில் இல்லை.
பச்சை வீட்டின் கைப்பிடிச் சுவரைக் கடந்து
மொட்டை மாடிக்குள் போயிருந்தது.
அங்கே ஒருத்தி,
நைட்டி மேல் துண்டு,
கொடிக்கயிற்றைக் கம்பால் உயர்த்திப் பிடித்திருந்தாள்
கீழே பூவலிங்கம் வயரைப் பிடித்திருந்தது போலவே.
கயிற்றில் இரண்டு யூனிபார்ம் சட்டை, ஒரு பாவாடை.
அவற்றின் கீழாக இறக்கை போனது
மெதுவாக, செருப்பைக் கழற்றிவிட்டு
வீட்டுக்குள் வருகிற விருந்தாளி மாதிரி.
போகப்போக அதன் விளிம்பை
இடது கையால் தடவிக்கொண்டே நின்றாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
எல்லாம் இம்புட்டுத்தானா, இன்னும் வருதா?

ஒரு தூணுக்கு மூன்று என்றேன்.
இது இரண்டாவது.
தூத்துக்குடியில் ஒன்று கிடக்கிறது.

போன வாரமும் தூங்க விடல,
என்றபடி கம்பை இறக்கினாள்.

இரண்டு மணி பத்து நிமிடம், அந்த ஒரு முக்கு.
நோட்டில் எழுதினேன். சேதம்: இல்லை.
காதரின் திருகில் ஒன்று குறைந்தது,
எழுதவில்லை.

இறக்கிவிட்டுத் திரும்பினால்
டிரெய்லர் உள்ளுக்குள் சுருங்கிவிடும்.
சாதாரண லாரி நீளம்.
செங்கோடன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்,
இப்போது எனக்கும் ஊர் வருகிறது.
அதே முக்கு, நாற்பது நொடி.
யாரும் நிமிரவில்லை.
காதர் கடைத் தகரத்தின் ஒரு மூலை
காற்றில் தடதடத்துக்கொண்டிருந்தது.
கச்சான் மறுபடி எடுத்துவிட்டது.